கிரேன் கேபினில் ஒரு மணி நேரம்

கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத்து மாடியில், நூலகத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறையிலிருந்தே எந்த வேலைக்கும் போய் வந்துவிடலாம். ரொட்டி சுடும் அடுப்பின் அருகே நிற்கலாம். பல் மருத்துவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். அச்சகத்தில் தாள்கள் பறவைக் கூட்டம்போலப் படபடத்து வந்து விழுவதை மடியில் வாங்கிக்கொள்ளலாம். வேண்டியது ஒரு ஹெட்போன், ஒரு சாய்வு நாற்காலி, ஜன்னலில் பாதி இழுத்துவிட்ட திரை.

வாசலில் ‘தொழில் வழிகாட்டி அறை’ என்று பலகை தொங்கினாலும் பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காதறை என்பார்கள். அதற்குள் இருப்பவள் காது மிஸ்.

மற்ற வழிகாட்டி அறைகளில் இருப்பவையெல்லாம் அங்கேயும் இருந்தன. எந்தப் படிப்பை எங்கே படிக்கலாம், என்ன தகுதி வேண்டும், முடித்தால் எங்கே வேலை என்று சொல்லும் கையேடுகள் அலமாரி நிறைய இருந்தன. ஆனால் காது மிஸ் அவற்றைக் கடைசியில்தான் எடுப்பாள். முதலில் காது. விடுமுறை நாட்களில் ஒரு ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரில் ஒவ்வொரு வேலையிடமாகப் போய், ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு மணி நேர ஓசையை அப்படியே அள்ளிக்கொண்டு வருவாள். இருமல் இருந்தால் இருமல், ஆள் இல்லாமல் கடிகாரம் மட்டும் ஓடினால் அந்தக் கடிகாரம். எதையும் வெட்டமாட்டாள். அதுதான் அந்த அறையின் சட்டம்.

“சுவாரசியமான இடம் எல்லாருக்கும்தான் பிடிக்கும்,” என்பாள் புதிதாக வரும் பிள்ளைகளிடம். “நடுவுல சலிப்பான இடம் ஒண்ணு வரும். அது உனக்குப் பிடிக்குதான்னு பாரு. வேலைங்கறது முக்கால்வாசி அதுதான்.”

விமானி ஆகப்போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த ஒருவன், விமான ஓசையைக் கேட்க உட்கார்ந்து பாதியில் குறட்டை விட்டான்.

“என்னப்பா, விமானம் தரையிறங்கிடுச்சா?” என்று தோளைத் தட்டினாள்.

“பயணிங்க எல்லாம் தூங்கினாங்க மிஸ். நானும் கூடவே தூங்கிட்டேன்.”

அவனே அடுத்த வாரம் சலவைக்கூடத்து ஓசையைக் கேட்டுவிட்டு, “மிஸ், அதுல ஒரு மெஷின் மட்டும் தாளம் தப்பிச் சுத்துது. யாரும் கவனிக்கலையா?” என்று கவலையோடு கேட்டான். இயந்திரம் பழுதுபார்க்கும் பயிற்சி நிலையத்தின் கையேடு அன்றைக்கே அவன் கைக்குப் போனது. பல் மருத்துவ ஓசையைக் கேட்டவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் புன்னகையோடு வந்து, “அந்த டாக்டர் எல்லார்கிட்டயும் ‘இதோ முடிஞ்சிடுச்சு’ன்னு பொய் சொல்றாரு மிஸ், எவ்வளவு அன்பா சொல்றாரு” என்றாள். அவள் இப்போது பல் மருத்துவம் படிக்கிறாள்.

இப்படிக் காதை வைத்து வாழ்க்கையைத் தேட வேண்டும் என்று காது மிஸ்ஸுக்கு எங்கிருந்து தோன்றியது? அது அவளுடைய வீட்டிலிருந்து வந்தது. அவளுடைய துக்கத்திலிருந்து வந்தது என்றும் சொல்லலாம்.

அவளுடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி லாரிகளில் இறக்கும் உயரமான கிரேன். வானத்தில் தொங்கும் கண்ணாடிக் கேபினுக்குள் நாளெல்லாம் தனியாக இருந்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் ஜன்னல் ஓரமாக உட்காருவார்.

“இன்னைக்கு எப்படிங்க இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

அவ்வளவுதான். மறுபடி கேட்டால் ஒரு சிரிப்பு. அவளோ கொட்டிக்கொட்டிப் பேசுகிறவள். “என் கல்யாணம் எனக்கும் சுவருக்கும் நடந்ததுன்னு வெச்சுக்கோ” என்று தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்துவிட்டு, போனை வைத்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். கெட்டவராக இருந்தாலாவது சண்டை போடலாம். நல்லவரின் மௌனத்தோடு யார் சண்டை போடுவது?

நாள் முழுக்க அந்த மனிதரின் காதில் என்னதான் விழுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் அவள் முதன்முதலில் ஒரு ரெக்கார்டர் வாங்கினாள். “மேல கொண்டுபோய் வெச்சு ஒரு மணி நேரம் பதிவு பண்ணிட்டு வாங்க, நானும் கேக்கறேன்” என்றாள். அவர் ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடுத்த வாரம் கொண்டுபோறேன்” என்றார்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஒரு மதியம், இரண்டு லாரிகளுக்கு நடுவே, கேபினுக்குள் உட்கார்ந்தபடியே அவருடைய இதயம் நின்றுவிட்டது. கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கிரேன் ஓட்டுகிறவர்கள் காத்திருப்பது வழக்கம். அசையாத கேபினைப் பார்த்து, லாரிக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். லாரி வந்து நின்று, ஹாரன் அடித்து, மறுபடி அடித்து, அதன் பிறகுதான் ஒருவர் மேலே ஏறிப் போனார்.

அப்போது பள்ளி அலுவலகத்தில் அவள் தட்டச்சு வேலை பார்த்துவந்தாள். வழிகாட்டி அறையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, “புது ஆள் வர்ற வரைக்கும் நீ போய் உக்காரும்மா” என்று தலைமையாசிரியை அனுப்பினார். புது ஆள் வரவில்லை. இவள் ரெக்கார்டரோடு ஊரெல்லாம் போக ஆரம்பித்தாள். எல்லா வாசலையும் தட்டினாள், துறைமுகத்தைத் தவிர. பேருந்துகூடத் துறைமுகச் சாலை வழியாகப் போகிறது என்றால் ஏறமாட்டாள். ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற பேருந்துக்காக வெயிலில் நிற்பாள்.

அவர் விட்டுப்போன மகள் வளர்ந்தாள். அப்பா அவளை ‘சுண்டு’ என்பார். அவருக்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அம்மாவுக்கு அவள் குட்டி.

குட்டி பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்தாள். அந்த வகுப்பில் ஒவ்வொருவரும் விருப்பமான தொழிலின் ஓசையைக் காதறையில் கேட்டுவிட்டு, எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்று வார இறுதிக்குள் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட வேண்டும். தன் முறை வந்த அன்று குட்டி மற்ற பிள்ளைகளைப்போலவே கதவைத் தட்டினாள்.

“உள்ளே வரலாமா மிஸ்?”

“வா. காலைல டிபன் டப்பாவ மறந்துட்டு வந்த மாணவி நீதானே?”

“அது எங்க அம்மாவோட தப்பு மிஸ். பையில வைக்கவே இல்ல.” குட்டி அலமாரியின் முன்னால் நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். பிறகு திரும்பாமலேயே கேட்டாள். “துறைமுகம் இருக்கா மிஸ்? கிரேன்?”

காது மிஸ்ஸின் விரல்கள் மேசைமேல் அப்படியே நின்றன. “இல்ல.”

“கையேடாவது?”

இருந்தது. அடி இழுப்பறையில், வேறு கையேடுகளுக்கு அடியில், அவளே தள்ளி வைத்த இடத்தில் இருந்தது. “தீர்ந்துபோச்சு,” என்றாள்.

அன்று மாலை வீட்டில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. குட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“எனக்குக் கிரேன் ஓட்டணும்மா.”

“வேற என்ன வேணா கேளு.”

“வேற எதுவும் வேண்டாம்.”

“அது தனியா கிடக்கற வேலைடி. பேச ஆள் கிடையாது. அங்க போய் உக்காந்துதான் உங்கப்பா பேச்சையே தொலைச்சார். அங்கதான்...” மேலே சொல்ல முடியாமல் தண்ணீர் குடித்தாள். “என் வயித்துல நெருப்பைக் கட்டிவிட்டுட்டு நீ மேல ஏறிடுவே. நான் கீழ எப்படி இருப்பேன்?”

குட்டி தட்டைத் தள்ளி வைத்தாள். “ஊர்ல இருக்கற அம்மா அப்பா எல்லார்கிட்டயும் நீ என்ன சொல்லுவே? ‘வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி பிள்ளைய ஒரு மணி நேரம் கேக்க விடுங்க.’ எனக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாதா?”

வசமாக மாட்டிக்கொண்டாள் காது மிஸ். “சரி. நானே போய்க் கொண்டு வரேன். கேட்டு முடிச்சு, பிடிக்கலைன்னா அதோட இந்தப் பேச்சை விட்டுடணும்.”

“பிடிச்சிருந்தா?”

“கையெழுத்துப் போடறேன்,” என்றாள் அம்மா. அது பிடிக்காதபடி பார்த்துக்கொள்வேன் என்று அவளுடைய மனம் அப்போதே சொல்லிக்கொண்டது.

துறைமுக வாசலில் அவளுக்காக நெட்டை காத்திருந்தார். கணவரோடு வேலை பார்த்தவர். இப்போது கணவரின் கிரேனை ஓட்டுகிறவர். உயரம் காரணமாக வந்த பெயர், சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது.

“வாங்க அண்ணி. லிப்ட்ல ஏறும்போது கீழ பாக்காதீங்க. நான் இன்னைக்கும் பாக்கறதில்ல.”

கேபின் ஒரு கண்ணாடிக் கூடு. காலுக்கடியிலும் கண்ணாடி. அதன் கீழே கப்பலின் தளம் பொம்மைக் கட்டைகளை அடுக்கியதுபோல் இருந்தது. நெட்டை முன்னோக்கிக் குனிந்து இரண்டு கைகளாலும் பிடிகளை மெல்ல அசைத்தார். எங்கோ கீழே ஒரு கன்டெய்னர், தூக்கத்தில் புரண்டு படுக்கிற குழந்தைபோல, அசைந்து மேலே எழுந்தது. அவள் ரெக்கார்டரை ஓடவிட்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்தது. “நெட்டை, மேல விருந்தாளியாமே?”

“அண்ணி வந்திருக்காங்கடா. ஒழுங்காப் பேசு.”

பிறகு வேறொரு கேபினிலிருந்து ஒரு கனத்த குரல், “அண்ணி, சுண்டு என்ன படிக்கிறா? முன்பல் முளைச்சுதா?” என்றது.

வயர்லெஸ் முழுக்கச் சிரிப்பு. “அவளுக்குப் பல் முளைச்சு எத்தனை காலம் ஆச்சு, நீ இன்னும் அங்கயே நிக்கறியா” என்று யாரோ கேலி செய்தார்.

காது மிஸ் நெட்டையின் பக்கம் திரும்பினாள். “இவங்களுக்கு எப்படி...”

“என்ன அண்ணி, அண்ணன்தான் சொல்லுவார். மேல ஏறிட்டா அவர் வாய் மூடாது. சுண்டு பல்லு விழுந்தது, நீங்க பாத்திரம் கழுவும்போது பாடறது, பாட்டுல வரி மறந்துபோனா நீங்களே ஒண்ணு இட்டுக்கட்டறது, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அவர் இருந்தப்போ வயர்லெஸ்ல எங்களுக்கு வேற ரேடியோவே தேவைப்படல.”

அவள் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தாள். கண்ணீர் அதைக் கலைத்துக் கலைத்துக் காட்டியது. வீட்டை அள்ளிக்கொண்டு போய் ஆகாயத்தில் கொட்டிய மனிதர், ஆகாயத்திலிருந்து ஒரு பிடியாவது எனக்குக் கொண்டுவந்தாரா? ஊருக்கெல்லாம் பேசிவிட்டு எனக்கு ஒரு ‘இருந்துச்சு’. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இறந்துபோனவர்மேல் கோபப்படுவது எவ்வளவு அநியாயம் என்று தெரிந்தும் கோபம் வந்தது.

பிறகு லாரிகளின் வரிசை அறுந்தது. நெட்டை கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “இனிமே காத்திருக்கறதுதான் அண்ணி.”

காற்று கம்பிகளுக்குள் நுழைந்து மெல்ல ஊதியது. எங்கோ ஒரு சங்கிலி தன்னைத்தானே தட்டிக்கொண்டது. ஒரு கடற்பறவை கேபினுக்குச் சமமாக வந்து, சிறகடிக்காமல் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஒன்றுமே நடக்கவில்லை. இந்த ஒன்றுமில்லாமைக்கு நடுவேதான் அவர் போனார் என்று நினைத்தபோது அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. “இருக்கியா?”

“இருக்கேன்,” என்றார் நெட்டை. பிறகு அவர் வேறொருவரை அழைத்தார். “இருக்கியா?” “இருக்கேன்.” அது அடுத்த கேபினுக்குப் போனது. அதற்கடுத்ததற்குப் போனது.

அவள் கேட்காமலேயே நெட்டை சொன்னார். “அண்ணன் போனதுக்கு அப்புறம் வந்த வழக்கம் அண்ணி. யாரும் உத்தரவு போடல. காத்திருக்கற ஆளை யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும்னு நாங்களா ஆரம்பிச்சோம். இன்னிக்கு வேலைக்குச் சேர்ற பசங்களுக்கு அது ஏன்னுகூடத் தெரியாது. ஆனா கூப்பிடுவாங்க.”

மறுநாள் பள்ளி விட்டு, பிள்ளைகளின் இரைச்சல் தெருவோடு போய்ச் சேர்ந்தபிறகு, காது மிஸ் தன் கணினிமுன் உட்கார்ந்தாள். அத்தனை காலமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். வெட்டினாள்.

சிரிப்பை வெட்டினாள். முன்பல்லை வெட்டினாள். கன்டெய்னர் எழும்பும் அந்த அழகான முனகலை வெட்டினாள். ‘இருக்கியா’ என்ற குரல்களை மட்டும் மறுபடி ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டாள். ஆனாலும் வெட்டினாள். மிஞ்சியது காத்திருப்பு. அதையே மறுபடி மறுபடி ஒட்டி ஒரு மணி நேரமாக நீட்டினாள். ‘நான் பொய் எதுவும் சேர்க்கலையே. இதுல இருக்கற ஒவ்வொரு நொடியும் அங்க இருந்ததுதானே’ என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். வெட்டியதை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. தனியே எடுத்து வைத்தாள்.

வார இறுதி நாள். குட்டி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். திரை வழியாக வந்த வெயில் அவளுடைய முழங்காலில் ஒரு பூனைக்குட்டிபோலப் படுத்திருந்தது. எதிரே உட்கார்ந்து காது மிஸ் மகளின் முகத்தையே பார்த்தாள். சலிப்பு எங்கே முதலில் வரும் என்று அவளுக்கு அத்துப்படி. கால் கட்டைவிரலில் வரும். பிறகு விரல்கள் நாற்காலியின் கையைத் தட்டும். பிறகு ஒரு கண் திறந்து கடிகாரத்தைத் தேடும்.

கால் அசையவில்லை. விரல் தட்டவில்லை. குட்டியின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, சின்னப் பிள்ளையின் முகமாகிக்கொண்டே வந்தது.

ஒரு மணி நேரம் முடிந்து அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“என்ன கேட்டே?” அம்மாவின் குரல் உலர்ந்திருந்தது.

“ஒண்ணுமே நடக்கல மிஸ்.”

அம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. “அதான் சொன்னேனே. சலிப்பு...”

“அதான் பிடிச்சிருக்கு.” குட்டி இன்னும் பாதிக் கனவில் இருந்தவளைப்போலப் பேசினாள். “அப்பா வேலைவிட்டு வந்து ஜன்னல் பக்கத்துல உக்காருவாரே, ஞாபகம் இருக்காம்மா? நான் போய் அவர் மேல சாஞ்சுக்குவேன். எதுவும் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அவர் சட்டைக்குள்ள ஒரு மாதிரி காத்து அடிக்கற மாதிரி இருக்கும். அப்படியே தூங்கிடுவேன். அந்தச் சத்தம்மா இது. அதேதான். அவர் தினமும் இதை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கார்.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஒரு பிடிகூடக் கொண்டுவரவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ மடி நிறையக் கொண்டுவந்திருக்கிறார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார். மகள் போய்ச் சாய்ந்து எடுத்துக்கொண்டாள். மனைவி எதிரே நின்று, ‘எப்படி இருந்துச்சு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காது மிஸ் மேசையைப் பற்றிக்கொண்டாள். அந்த அறையில் எத்தனையோ பிள்ளைகளிடம் சொன்ன சொல் இப்போது அவளையே பார்த்து நின்றது. சலிப்பான இடம் உனக்குப் பிடிக்குதான்னு பாரு. சலிப்பை மட்டுமே திரட்டிக் கொடுத்திருந்தாள். அதையும் இந்தப் பெண் கண்மூடி வாங்கிக்கொண்டுவிட்டாள். இனி எதைச் சொல்லித் தடுப்பது?

அடி இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து கிரேன் பயிற்சி நிலையத்தின் கையேட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“தீர்ந்துபோச்சுன்னீங்க மிஸ்?”

“வந்துடுச்சு,” என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “பதினெட்டு முடியணும். கண் பரிசோதனை இருக்கு. உயரத்துல தலைசுத்தல் வருதான்னு பாப்பாங்க. வீட்டு ஸ்டூல் மேல ஏறினாலே கத்தறவ நீ.”

“அது பல்லி இருந்ததால.”

விருப்பப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடமும் வழிகாட்டி கையெழுத்துக்கு ஓர் இடமும் இருந்தன. இரண்டிலும் அவளேதான் போட வேண்டும். வழிகாட்டியின் இடத்தில் சட்டென்று போட்டுவிட்டாள். பெற்றோரின் இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு, ஏதோ ஒரு கன்டெய்னரைத் தூக்கி இறக்குவதுபோல, மெதுவாகப் போட்டாள்.

“குட்டி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நீ கேட்டது முழுசு இல்ல. உனக்குப் பிடிக்கக் கூடாதுன்னு கொஞ்சம் வெட்டி எடுத்துட்டேன். மிச்சத்தையும் கேளு.”

மகள் நம்பமுடியாமல் பார்த்தாள். “நீயா? நீயா வெட்டினே?” அவளுக்குக் கோபம் வருவதற்குள், அம்மா மாட்டிவிட்ட ஹெட்போனில் அந்தக் கனத்த குரல் அவளுடைய முன்பல்லை விசாரித்தது. குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கன்னத்தில் நீர் வழிந்தது. ‘இருக்கியா’ என்று குரல்கள் ஒவ்வொன்றாக வந்தபோது அவள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். நெட்டை சொன்னதைக் கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

“நீ உக்காரும்மா.”

“நான் எதுக்கு? நான்தான் அங்க இருந்தேனே.”

“இருந்தே. கேக்கலை. வா.”

காது மிஸ் அந்தச் சாய்வு நாற்காலியில் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. மகள் ஹெட்போனை அவளுக்கு மாட்டிவிட்டு, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, அம்மா வெட்டாமல் விட்டிருந்த காத்திருப்பை ஓடவிட்டாள். காற்று கம்பிகளுக்குள் நுழைந்தது. சங்கிலி தன்னைத்தானே தட்டிக்கொண்டது. ஜன்னல் ஓரத்து மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. முதல்முறையாக அவர்மேல் சாய்ந்துகொண்டாள்.

நேரம் போனது. நாற்காலியில் அசைவே இல்லாததைப் பார்த்த மகள் அருகில் வந்து, ஹெட்போனை லேசாக விலக்கி, காதருகே மெதுவாகக் கேட்டாள்.

“இருக்கியாம்மா?”

கண்ணைத் திறக்காமலேயே அம்மா சொன்னாள்.

“இருக்கேன் சுண்டு.”